கரண்டு போன இடத்திலிருந்து

மத்தியானம் இரண்டரை மணி வாக்கில் மேகம் வீட்டுக்குள் வந்துவிடும். வாசல் கதவு திறந்திருந்தால் போதும். யாரையும் கேட்காமல் நுழைந்து, சாக்கில் பரப்பியிருக்கும் மிளகைத் தடவிப் பார்த்துவிட்டு, நேராக டிவிக்கு முன்னால் போய் நிற்கும். அந்த நேரத்தில்தான் பழைய அக்கா தங்கை சீரியலை மறுபடியும் போட ஆரம்பித்திருந்தார்கள். மேகத்துக்குப் பின்னால் அந்தப் பெண்கள் பேசுவார்கள், அழுவார்கள், மாடிப்படி இறங்கி வருவார்கள். எது புகை, எது புடவை என்று தெரியாது. பாதித் தூக்கத்தில் பார்ப்பது போல இருக்கும். அந்த அரை மணி நேரத்துக்காகவே அந்த வருடம் நான் மலையில் இருந்தேன் என்று சொன்னால் என் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் அதுதான் உண்மை.

எனக்குச் சொந்த ஊர் தெற்கே, கடல் பக்கம். செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக மாற்றல் வந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாம் துக்கம் விசாரிப்பது போல வந்து விசாரித்தார்கள். துக்கப்பட ஒன்றும் இல்லை. வளப்பூர் நாட்டில் ஒரு வீட்டில் வாடகைக்கு ஓர் அறை கிடைத்தது. அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பேர். காலை டியூட்டி முடிந்ததும் மத்தியான பஸ்ஸைப் பிடித்தால் சீரியலுக்குச் சரியாக வந்துவிடலாம். அந்த பஸ் தாமதமானால் எனக்குக் கெட்ட கோபம் வரும். டீக்கடையில் நின்று கதை பேசும் கண்டக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே திட்டியிருக்கிறேன்.

"ஏனுங்க நர்சம்மா, இப்பிடிப் பறக்கறீங்க? ஊட்டுல யாருக்காச்சும் உடம்பு சரியில்லீங்களா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"ஆமா. அந்தச் சின்னப் பொண்ணுக்குக் காய்ச்சல். நேத்து பாதியில விட்டுட்டாங்க."

பின்சீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். யாருக்குக் காய்ச்சல் என்று அவர்களுக்குத் தெரியும். "அக்காக்காரி இன்னைக்குத்தான் டாக்டரக் கூப்புடுவா" என்றாள் ஒருத்தி. "அந்த டாக்டரு மூஞ்சியப் பார்த்தா இருக்கற காய்ச்சலும் ஏறிப்போகும்" என்றாள் இன்னொருத்தி. கண்டக்டர் ஒன்றும் புரியாமல் விசில் ஊதினார்.

வீட்டுக்கார அக்காவுக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கொஞ்சம் மிளகு, கொஞ்சம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, நாலைந்து பலா மரங்கள், இதையெல்லாம் தனி ஆளாக அதட்டி வளர்த்துக்கொண்டிருந்தார். அதட்டி என்று சும்மா சொல்லவில்லை. காய்க்காத மரத்தின் முன்னால் நின்று அவர் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். அவருடைய தங்கை அடுத்த வீடு. அக்காவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், அதிகம் பேசாதவர். புருஷன் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தங்கை இங்கே வந்துவிடுவார். அக்கா தூணில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்ள, தங்கை பக்கத்தில் சம்மணம் போட, நான் பிளாஸ்டிக் நாற்காலியில். நாங்கள் மூன்று பேரும் இருபது வருடத்துக்கு முன்பே பார்த்து அழுது முடித்த கதையை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தோம்.

முதல் தடவை பார்க்கும்போது கதையின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தோம். இரண்டாவது தடவைதான் அந்த வீட்டுக்குள் நடமாட முடிந்தது. சுருள் ஒயர் வைத்த டெலிபோனை, அலமாரியில் அடுக்கிய கண்ணாடி டம்ளர்களை, எல்லா சீரியலிலும் வரும் அதே மாடிப்படியை நிதானமாகப் பார்த்தோம். தங்கையாக நடித்த பெண் இப்போது வேறொரு சீரியலில் மாமியாராக வருகிறார். இங்கே அவருக்கு இரட்டைப் பின்னல். அப்பாவாக நடித்தவர் இறந்து வெகுகாலமாகிறது. அவர் தினமும் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் விரித்துக் காப்பி கேட்டார்.

"இவரு போயிச் சேர்ந்து ரொம்ப வருசமாச்சில்லீங்க நர்சம்மா?"

"ஆமாக்கா."

"காப்பிய எப்பிடி ஊதி ஊதிக் குடிக்கறாரு பாருங்க. நாக்கச் சுட்டுக்கப் போறாரு."

செத்தவருக்கு நாக்கு சுட்டுவிடுமே என்று கவலைப்பட ஒருவர் இருப்பது பெரிய விஷயம்தான்.

அக்கா டிவியோடு பேசுகிறவர். எனக்கு அது பிடிக்காது. என் வீட்டில் சீரியல் ஓடும்போது யாராவது தும்மினால்கூட நான் முறைப்பேன். ஆனால் அங்கே என் அதிகாரம் செல்லாது. வசனத்துக்கு நடுவில் அக்கா பதில் சொல்வார், திட்டுவார், எச்சரிக்கை கொடுப்பார். தங்கை வாயே திறக்க மாட்டார். ஆனால் உன்னிப்பாகக் கவனித்தால் அவர் உதடு அசைவது தெரியும். திரையில் வசனம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் உதட்டில் அது வந்துபோகும். அவ்வளவும் மனப்பாடம்.

கதை இவ்வளவுதான். தாயில்லாத தங்கையை அக்கா தன் பிள்ளை மாதிரி வளர்க்கிறாள். தங்கை ஒருவனை நம்பி வீட்டை விட்டுப் போகிறாள். அக்கா அவளைத் தலைமுழுகுகிறாள். நடுவில் இருந்து எல்லாவற்றையும் கெடுப்பது ஒரு சித்தப்பா. வருடக்கணக்கில் ஓடிய கதையை நாலு வரியில் சொல்லிவிட்டேன் என்று அக்காவுக்குத் தெரிந்தால் என் சாமான்களைத் தூக்கி ரோட்டில் வைத்துவிடுவார்.

அந்தச் சித்தப்பாவில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது. ஒரு நாள் அவன் போனில் பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது, "இவ்வளவு அநியாயம் பண்ணிட்டுக் கடைசியில திருந்தி நல்லவனாயிடுவான் பாருங்க. எனக்கு அதுதான் பத்திக்கிட்டு வரும்" என்றேன்.

அக்கா காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். "திருந்தறதா? அவன்தான் வளைவுல காரோட உருண்டு போயிட்டானே?"

"எந்த வளைவுலக்கா?"

"நம்ம கொண்டை ஊசி வளைவுல மாதிரிதான். பிரேக்கு புடிக்கல. ஊரே சொல்லுமே."

கதை முழுக்கச் சென்னையில் நடக்கிறது. அந்தச் சித்தப்பா மலை ஏறியதே இல்லை. நான் நர்சிங் ஹாஸ்டலில் இருந்த காலத்தில், வார்டனின் அதட்டலுக்கு இடையில், ஒரு நாள்கூட விடாமல் பார்த்த சீரியல் அது. கடைசி நாளன்று அவன் திருந்திக் கைகூப்பி நின்றதற்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஊளையிட்டது நினைவிருக்கிறது. அடித்துச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வாயைத் திறப்பதற்கு நான் என்றைக்கும் யோசித்தவள் இல்லை. ஆனால் அக்கா முந்திக்கொண்டார்.

முதல் தடவை அந்த சீரியல் வந்தபோது மலையில் அதை முழுதாகப் பார்த்தவர்கள் யாரும் இல்லையாம். கதையில் தங்கை மழையில் நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டுகிற நாள். அக்கா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். தட்டும் சத்தம் கேட்டு எழுகிறாள். நடந்து வருகிறாள். தாழ்ப்பாளை நோக்கிக் கை போகிறது. அந்த இடத்தில் மலை முழுக்கக் கரண்டு போய்விட்டது. அன்று ராத்திரி அடித்த காற்றில் சில்வர் ஓக் மரங்கள் ஒயர் மேல் விழுந்து, கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, ஒரு மாதத்துக்கும் மேல் மலை இருட்டில் கிடந்தது. கரண்டு திரும்பி வந்தபோது அந்த நேரத்தில் வேறு ஏதோ சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தங்கை கதை முடிந்துபோயிருந்தது.

கீழே இருந்து வருகிறவர்களைக் கேட்டிருக்கலாம். ஆனால் அதுவரை யார் பொறுத்திருப்பார்கள்? மறுநாள் காலையிலேயே பஸ் நிறுத்தத்தில் பெண்கள் கூடி, விட்ட இடத்தில் இருந்து கதையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கிழங்கு பிடுங்கும்போதும் மிளகு உதிர்க்கும்போதும் நாளுக்கு ஒரு துண்டாகச் சேர்த்தார்கள். அக்கா கதவைத் திறந்தாள், தங்கைக்குத் தலை துவட்டிவிட்டாள், சுடச்சுடக் களி போட்டாள், சித்தப்பா வளைவில் உருண்டான். ஒரு மாதத்தில் வளப்பூர் நாட்டுக்கென்று ஒரு முழுக் கதை வந்துவிட்டது. பக்கத்துக் குண்டூர் நாட்டுக்காரர்கள் அதற்குள் வேறு மாதிரி முடித்திருந்தார்கள். அவர்கள் கதையில் கதவு திறக்கவே இல்லை. செம்மேட்டுச் சந்தையில் இரண்டு பக்கமும் இதற்காகக் கத்திக்கொண்டது உண்டாம். அந்தப் பக்கத்து மனுஷர்களுக்கு ஈரமே கிடையாது என்று அக்கா இன்றைக்கும் சொல்வார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்போ யாரும் பார்க்கலையா, நீங்களே கட்டினதுதானா?" என்று கேட்டேன்.

"மத்தவங்க கட்டினாங்க. நான் பார்த்தேனே." அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கரண்டு போறதுக்குள்ள நான் பார்த்துட்டேன் நர்சம்மா. அவ கைய வச்சா. மழைக்குக் கட்டை ஊறிப்போயிக் கதவு வரமாட்டேங்குது. நெலையில ஒரு கால முட்டுக் குடுத்து இழுத்தா. கீழ்ப்பக்கம் தரையில இழுத்துக்கிட்டே தொறந்துச்சு. எங்கண்ணால பார்த்தேன்."

நான் அவருக்குப் பின்னால் இருந்த வாசல் கதவைப் பார்த்தேன். பலா மரப் பலகையில் செய்த கதவு. அடிப்பக்கம் தரையில் உரசி உரசி அரைவட்டமாகத் தடம் விழுந்திருக்கும். மழைக்காலத்தில் நிலையில் கால் வைத்து இழுத்தால்தான் வரும். சீரியல் வீட்டில் இருப்பதோ வழவழவென்று பாலிஷ் போட்ட தேக்குக் கதவு. பித்தளைக் கைப்பிடி. ஒரு விரலால் தள்ளலாம். அவர் பார்த்தது அந்தக் கதவை இல்லை என்று எனக்குப் புரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"அவ தொறந்ததப் பார்த்துத்தான நானும் தொறந்தேன்" என்றார் அக்கா.

தங்கை குனிந்து முறத்தில் இருந்த மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அவர்கள் இரண்டு பேருடைய சொந்தக் கதையையும் அன்றுதான் கேட்டேன். அம்மா சின்ன வயதிலேயே போய்விட, தங்கையை வளர்த்தது அக்காதான். பலாப்பழம் ஏற்ற வந்த லாரிக்காரரோடு தங்கை ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நாமக்கல்லுக்குப் போய்விட்டார். செத்தாலும் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அக்கா ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. கரண்டு இல்லாத அந்த இருட்டு மாதத்தில், ரோட்டில் விழுந்த மரங்களை அறுத்து பஸ் விட்ட பிறகு, ஒரு சாயங்காலம் தங்கை ஏறி வந்து வாசலில் நின்றார். நிறைமாதம். மழை. கதவைத் தட்டினார். அக்கா எழுந்து போய்த் திறந்தார். குழந்தை இந்த வீட்டில்தான் பிறந்தது.

"நாடகத்துல அவளே தொறக்கறா, எனக்கென்ன வீம்புன்னுதான் எந்திரிச்சேன்" என்று முடித்தார் அக்கா. "அதப் பார்க்காம இருந்திருந்தா இவ நின்ன எடத்துலயே நின்னிருக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். அக்காவுக்கும் தங்கைக்கும் சண்டை வராமல் இல்லை. கோழி மிளகுச் சாக்கைக் கிளறியதற்கு, மகளின் படிப்புக்கு, ஒன்றுமே இல்லாததற்கு என்று வரும். சண்டை முற்றினால் அக்கா இதைத்தான் எடுத்து வீசுவார். அன்னைக்கு அந்த நாடகம் மட்டும் இல்லைன்னா தெரிஞ்சிருக்கும் உன் பொழப்பு. தங்கை பதில் பேசாமல் எழுந்து தன் வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் காலையில் எதுவும் நடக்காதது போலக் குடத்தை எடுத்துக்கொண்டு வருவார். அது என்ன நாடகம் என்று அதுவரை எனக்குத் தெரியாமல் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சிக்னல் கிடைத்ததும் போனில் தேடினேன். அந்த எபிசோடு கிடைத்தது. என் ஞாபகம் சரிதான். அவள் திறக்கவில்லை. தாழ்ப்பாள் வரை போன கை திரும்பிவிடுகிறது. தங்கை விடியும் வரை நின்றுவிட்டுப் போய்விடுகிறாள். அவர்கள் மறுபடி சந்திப்பதே இல்லை. இந்த மலையில் இது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். முடித்துவைத்த கதையை இங்கே வேறு யார் தேடப் போகிறார்கள்?

அன்றிலிருந்து சீரியல் எனக்குக் கசந்துவிட்டது. ஒவ்வொரு எபிசோடும் அந்தக் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அக்காவோ நாளை எண்ணிக்கொண்டிருந்தார். பஸ் நிறுத்தத்தில், குண்டூர் நாட்டுக்காரர்களின் வாயை மூடும் நாள் வரப்போகிறது என்று அறிவிப்பே கொடுத்துவிட்டார். எனக்கு வேறு பயம். இருபது வருடமாக அவர் தங்கையை வீட்டுக்குள் விட்டது அந்தத் திரைப் பெண் சொன்ன சாட்சியின் பேரில். அந்தச் சாட்சியே பொய் என்று தெரிந்தால்? ஏமாந்துபோய்த்தான் மன்னித்தேன் என்று அந்த வீம்புக்காரிக்குத் தோன்றிவிட்டால்? அடுத்த சண்டையில் அவர் எடுத்து வீச என்ன வார்த்தை கிடைக்கும் என்று நினைத்தாலே எனக்கு ஆகவில்லை. இந்த வயதில் அந்த இரண்டு பேரும் பிரிந்து, அடுத்தடுத்த வாசலில் முகம் திருப்பி உட்கார்ந்திருப்பதை நான் பார்க்க வேண்டாம்.

வாய் ஓயாதவள் என்று என் மாமியாரிடம் பட்டம் வாங்கியவள் நான். அப்படிப்பட்டவள் அந்த நாட்களில் உதட்டைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். சும்மா இருக்கவும் முடியவில்லை. கண் பரிசோதனை முகாம் இருக்கிறது, அன்றைக்கு மத்தியானம் வாங்க என்று இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பார்த்தேன். "நாடகம் முடிஞ்சு கண்ணு போனாலும் பரவாயில்லீங்க" என்றார் அக்கா. கேபிள்காரத் தம்பியிடம், ஒரு அரை மணி நேரம் லைனை எடுத்துவிட முடியுமா என்று ஜாடையாகக் கேட்டேன். நர்சம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பது போலப் பார்த்தார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில், ஆண்டவரே, அந்த ஒரு நாள் மட்டும் மலைக்குக் கரண்டு வேண்டாம் என்று மன்றாடினேன். முழங்காலில் நின்று கரண்டு போக வேண்டும் என்று கேட்டவள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

கரண்டு போகவில்லை. அந்த மத்தியானம் நல்ல மேகம். எதிர்வீட்டுப் பலா மரம்கூடத் தெரியவில்லை. தங்கை ஒரு பழத்தை அறுத்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, சுளை சுளையாக எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். வீடு முழுக்க அந்த வாசனை. மேகம் வாசலைத் தாண்டி உள்ளே வந்து எங்கள் காலடியில் கிடந்தது. அக்கா முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்.

திரையில் மழை. தங்கை கதவைத் தட்டினாள். உள்ளே அக்கா நாற்காலியில் இருந்து எழுந்தாள். இந்த அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தார். அவள் நடந்தாள். தாழ்ப்பாளை நோக்கிக் கை போனது. மலை இருபது வருடத்துக்கு முன்னால் நின்றுபோன இடம் அதுதான்.

கதை மேலே போனது. அந்தக் கை காற்றில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. அவள் திரும்பி நடந்து போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கேமரா வெளியே போய்விட்டது. வாசற்படியில் மழை, நனைந்த இரட்டைப் பின்னல், கதவு மேல் வைத்த உள்ளங்கை. தங்கை தட்டுவதை நிறுத்திவிட்டுக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே நாற்காலி ஆடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அதையே காட்டினார்கள். விளக்கு அணைந்தது. தொடரும் என்று போட்டார்கள்.

சோப்பு விளம்பரம் ஓடியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொறக்கலையே" என்றார் அக்கா.

கோபம் இல்லை. வழி தவறியவர் கேட்பது போன்ற குரல். "நான் பார்த்தேனே. நெலையில கால வச்சு இழுத்தாளே. நர்சம்மா, வேற மாதிரி மாத்திப் போட்டுட்டாங்களா?"

நான் வாயைத் திறந்தேன்.

"இதுதாங்க்கா. மாத்தல" என்றார் தங்கை. சுளை எடுப்பதை அவர் நிறுத்தவில்லை. "நாமக்கல்லுல கரண்டு இருந்துச்சு. நான் அன்னைக்கே பார்த்துட்டேன்."

அக்கா மெல்லத் தலையைத் திருப்பினார்.

"எத?"

"இதத்தான். அவ திரும்பிப் போயி உக்காந்தது. இவ வெளிய நின்னது."

"எப்பப் பார்த்த? இங்க வாரதுக்கு முன்னாலயா?"

"முன்னாலதான். பக்கத்து ஊட்டு டிவியில. ராத்திரி பூரா அழுதேன். பஸ்சு விட்டதும் ஏறிட்டேன்."

"அவ தொறக்கலைன்னு பார்த்துட்டுமா வந்த?"

"பார்த்துட்டுத்தான் வந்தேன்." தங்கை ஒரு கொட்டையை உருவித் தனியாக வைத்தார். "நீயும் தொறக்க மாட்டேன்னுதான் நெனச்சேன். துணிப்பைய பஸ்சுலயே வச்சுட்டுத்தான் எறங்கினேன். டிரைவருகிட்டச் சொல்லியிருந்தேன், வண்டியத் திருப்பிக்கிட்டு வர்றப்ப நான் ரோட்டுல நின்னா ஏத்திக்கங்க, அதுலயே திரும்பிப் போயிருவேன்னு. நீ தொறந்துட்ட. பையி போயிருச்சு."

அக்கா தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் இரண்டு பேருக்கும் நடுவில் நகர்ந்து போனது.

"இத்தன வருசமா வாயத் தொறக்கலையே. எத்தன தடவ உன்னய அதச் சொல்லிப் பேசியிருக்கேன். நாடகம் இல்லைன்னா நீ நின்னிருப்பேன்னு."

"பேசுவ. ஆனா நல்லா இருக்கற நாள்ல அவ தொறந்தான்னு சொல்லுவ பாரு, அப்ப உம்முகம் நல்லா இருக்கும். அத எதுக்குக் கெடுக்கணும்னு உட்டுட்டேன்."

நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் இரண்டு பேரும் அழவில்லை. டிவியில் அடுத்த நிகழ்ச்சி தொடங்கி யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள். அக்கா எழுந்து போய் அதை அணைத்தார். வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. அவர் திரும்பி வந்து உட்காராமல், அந்த இடத்திலேயே நின்றார். அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. கரண்டு இல்லாத வீடு, மழை, தட்டும் சத்தம், எழுந்து நடந்த தன் கால்கள், இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது போல இருந்தது. நான் பயந்த வார்த்தை வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"அப்ப அவ தொறக்கவே இல்ல" என்றார்.

"இல்லக்கா."

"நான் பார்த்தது எதுவும் நடக்கல."

"இல்ல."

அக்கா வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சின்னப் பெண்ணைப் போல, நம்பலாமா வேண்டாமா என்று தெரியாத குரலில் கேட்டார்.

"அப்ப, அன்னைக்கு நானாத்தான் வந்து தொறந்தேனா கண்ணு?"

"நீயாத்தாங்க்கா தொறந்த" என்றார் தங்கை.